சும்மா கேட்ட கிடா

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கும் குருசாமியின் மகள் பொன்மணி, பேஸ்புக்கில் ஆட்டு விற்பனைக்குப் பேஜ் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொண்டாள். படத்தில் இருப்பது ஆடு என்று தெரிகிற எல்லோருக்கும் அதற்கு விலை உண்டு என்பது தெரிவதில்லை. எட்டயபுரத்து வாத்தியார் ஒருவர், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று அறிவிக்கும்படி யோசனை சொல்லி, அந்த இலவசத்தை மட்டும் முதலில் அனுப்பி வைக்கச் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண், மகள் பிறந்தநாளுக்குக் குட்டி ஒன்று கொடுத்தால் ரீல்ஸில் நன்றி சொல்வதாக எழுதினாள். எங்கள் குட்டிகள் நன்றியைத் தின்பதில்லை என்று பொன்மணி பதில் போட்டாள். அறுபது பேர் கோப முகம் வைத்தார்கள். அதில் ஒருவரும் ஆடு வாங்கவில்லை.

குருசாமி கோபப்படவில்லை, கெடு வைத்தார். ஆவணி முடிவதற்குள் பாதி ஆடாவது போனில் விற்காவிட்டால், மந்தை மொத்தமும் சந்தை வியாபாரிக்குப் போகும். பொன்மணி கோவில்பட்டி ஜவுளிக்கடை ஒன்றில் பில் போடப் போவாள். இரண்டு இடத்திலும் பேசி முடித்தாகிவிட்டது. "பி.காம். படிச்சிட்டு ஆட்டுக்குப் போட்டோ எடுக்கியே, அதுக்கு ஆதார் கார்டா வாங்கப் போற" என்றதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆடி முடிந்தபோது விற்றிருந்தது நாலு.

ஆவணி மூன்றாம் தேதி லிங்கராஜ் அண்ணாச்சி போன் செய்தார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். அது சின்ன விஷயம். ஆயிரத்துக்குப் பக்கம் ஆட்கள் உள்ள ஒரு வாட்ஸப் குரூப்புக்கு அட்மின், அதுதான் பெரிய விஷயம். பொன்மணியின் பேஜைப் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் குரூப்பிலிருந்து வந்தவர்கள். அண்ணாச்சியின் கண்ணில் பட்டது மேனேஜர். மேனேஜர் கன்னி இனத்து ஆட்டுக் கிடா. உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. மந்தைக்கு முன்னால் ஒரு வேலையும் இல்லாமல் நிமிர்ந்து நடப்பதால் வந்த பெயர்.

விலை பேச அவர் கூப்பிடவில்லை. கிடா கருப்பசாமிக்காம். சாமி காரியத்துக்கு மனுசன் காசு கேட்கலாமா என்பது அவர் கேள்வி. முடியாது என்பதைப் பொன்மணி மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் குரலில் பாசம் கூடியது.

"தாயி, குரூப்புல நான் ஒரே ஒரு வாய்ஸ் போட்டேன்னு வையி, பொன்மணி ஆடெல்லாம் சீக்கு ஆடுன்னு. பெறகு ஒங்கிட்ட ஆட்டுப் புழுக்கைகூட ஒருத்தன் வாங்க மாட்டான். யோசிச்சிச் சொல்லு."

வைத்துவிட்டார். ஜவுளிக்கடை சீருடை என்ன நிறம் என்று பொன்மணி யோசித்தாள்.  அம்மா ஆவுடைத்தாயிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மா புளிக்குக் கொட்டை எடுத்தபடியே, கோயிலில் ஆடிக் கொடைத் திருவிழா முடிந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, அடுத்த ஆடிவரைக்கும் கருப்பசாமிக்கு எதற்குக் கிடா என்றாள்.

அப்படியானால் கிடா கேட்டது சாமி இல்லை, அண்ணாச்சியின் வாய். பொன்மணி திரும்பக் கூப்பிட்டாள்.

"சரி அண்ணாச்சி, சும்மாவே தாரேன். சாமிக்குத்தான?"

"சாமிக்கேதான்."

"அத அப்படியே ஒரு வாய்ஸா போட்ருங்க. எங்கப்பா நம்ப மாட்டாவ."

நாற்பது நொடி வாய்ஸ் வந்தது. நடுவில் ஓரிடத்தில் பக்தியில் குரல் உடைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேனேஜரை லோடு ஆட்டோவில் ஏற்றினாள். கூடவே கோயில் பூசாரி மாயகிருஷ்ணனையும் ஏற்றினாள். அண்ணாச்சி வீட்டு வாசலில் பந்தல். பேரனுக்குப் பெயர் வைக்கிற விருந்து. அடுப்பில் அண்டா ஏறியிருந்தது. பிரியாணி மாஸ்டர் கத்தியோடு ஆட்டோவை எதிர்கொண்டு வந்தார். பந்தலுக்குள் பாதி குரூப் உட்கார்ந்திருந்தது. மீதிக்காகப் பொன்மணி போனில் லைவ் போட்டாள், அண்ணாச்சியின் வாய்ஸைத் தொடக்கத்தில் ஒருமுறை ஓடவிட்டு.

பூசாரி மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மேனேஜர் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. சாமி உத்தரவு கிடைத்துவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார், இது நேர்ந்துவிட்ட கிடா, கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வாய் வைத்ததை மறிக்கக் கூடாது. அடுத்த ஆடிக் கொடைவரைக்கும் லிங்கராஜ் வீட்டுப் பொறுப்பு. மாஸ்டர் கத்தியை வெங்காய மூட்டைக்குப் பின்னால் செருகினார். லைவில் கைகூப்பல்கள் மழையாகக் கொட்டின. அண்ணாச்சியும் கைகூப்பினார், வேறு என்ன செய்ய. அன்று விருந்துக்குக் குஸ்கா.

மேனேஜர் சாயங்காலத்துக்குள் தொட்டில் மாலையை முடித்தது. மறுநாள் தினசரிக் காலண்டரைக் கார்த்திகைவரை தின்றது. அண்ணாச்சியின் மனைவி உமாதேவி கொடியில் போட்டிருந்த சேலையில் முந்தி மட்டும் காணாமல் போனது. ஐந்தாம் நாள் தீப்பெட்டி ஆபீஸுக்குள் போனபோது, வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இருபது வருஷத்தில் அண்ணாச்சிக்கு அவர்கள் எழுந்ததில்லை.

ஒன்பதாம் நாள் போன் வந்தது.

"தாயி, கூட்டிட்டுப் போயிரு. ஆட்டோ வாடக நான் தாரேன்."

"சாமிக்கு விட்டத நான் தொட்டா கண்ணு அவிஞ்சிரும்லா, அண்ணாச்சி."

"என் பாஸ்போர்ட்டத் தின்னுட்டு. இலங்கைக்கு டிக்கெட் போட்ருக்கேன்."

"போவேண்டாம்னு சாமி சொல்லுதுபோல."

 அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது.

குரூப்பில் சீக்கு ஆடு என்று சொல்லவும் இனி வழியில்லை. சொன்னால், சீக்கு ஆட்டைச் சாமிக்கு விட்டவர் என்று ஆகும். அதனால் மேனேஜரைப் புகழ வேண்டிய நிலைமை. கிடாவின் கம்பீரம், அறிவு, வாசமில்லாத மூச்சு என்று தினம் ஒரு வாய்ஸ் போட்டார். நாலைந்து நாளில் அவரே அதை நம்பத் தொடங்கியதுபோல் இருந்தது. கும்பிட வந்தவர்கள், ஆடு எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். அதற்கும் ஒரு வாய்ஸ்.

"பொன்மணிகிட்ட வாங்குங்க. நல்ல வளப்பு. ஆனா ஒண்ணு, அந்தப் புள்ளகிட்ட மட்டும் எதையும் சும்மா கேக்காதிய."

குளத்தூரிலிருந்து ஒரே நாளில் மூன்று பேர் வந்தார்கள். எட்டயபுரத்து வாத்தியார் இரண்டு ஆட்டை விலைக்கு வாங்கினார், இலவசத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது பட்டியில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆடு நின்றது.

சந்தை வியாபாரி லாரியோடு வந்து இறங்கினார். குருசாமி பட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வியாபாரிக்கு ஒரு செம்பு மோர் கொடுத்து லாரியைத் திருப்பிவிட உதவினார். முள்வேலியில் இடிக்காமல் அது திரும்புவதற்கு நேரம் பிடித்தது.

பிறகு வீட்டுக்குள் போய், மீசையைச் சீவி, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வெளியே வந்தார். வீடியோவில் தானும் நின்றால் நாலு பேருக்கு நம்பிக்கையாக இருக்கும் என்று ஆட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார். முதல் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாம் தடவை கண்ணை மூடிவிட்டார். மூன்றாம் தடவை, பின்னால் நின்ற பெட்டைக் குட்டி அவர் துண்டின் நுனியைத் தின்னத் தொடங்கியது. அவர் அது தெரியாமல், விறைப்பாகப் போனைப் பார்த்து, "எல்லாம் எம் மக வளத்த ஆடு" என்றார்.

பொன்மணி அதையே போட்டாள்.