மாத்சுவுக்கு மகாராணிப் பட்டம்

என் வீட்டுக்காரர் ஹுவாட்டுக்கு மரியாதை என்றால் உயிர். சந்தையில் கருவாட்டுக்காரியைக்கூட "வணக்கத்துக்குரிய அம்மையாரே" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் நல்ல கருவாடெல்லாம் விற்றுப்போகும்.

அன்றைக்கு மெய்சோ தீவிலிருந்து என் அம்மா வீட்டுக்குக் கூ மாமாவின் படகில் போய்க்கொண்டிருந்தோம். நடுக்கடலில் காற்று பேயாட்டம் போட்டது. பாய் கிழிந்து, பாய்மரமும் முறிந்தது.

கூ மாமா சுக்கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "யாராவது கடலம்மாவக் கூப்பிடுங்க! எனக்கு மூச்சு முட்டுது!" என்று கத்தினார்.

என்னவர் முந்திக்கொண்டார். எழுந்து, சட்டையைச் சரிசெய்து, கைகூப்பி, "வானகத்துப் பேரரசியே! கடலாளும் மகாராணியே!" என்று தொடங்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஆபத்தில் கடலம்மாவை "மாத்சு" என்றுதான் கூப்பிட வேண்டும். கட்டிய துணியோடு, தலைகூட வாராமல் ஓடிவருவாள். பட்டம் சொல்லிக் கூப்பிட்டால் கிரீடம், பட்டாடை, பரிவாரம் என்று எல்லாம் சேர்த்துக்கொண்டுதான் புறப்படுவாள்.

"அட பாவி மனுஷா, கெடுத்தீங்களே! இப்ப அவ கிரீடத்தத் தேடிட்டு இருப்பா!"

"மொட்டையா பேர் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"செத்தப்புறம் மரியாதைய வச்சு என்ன பண்றது? மாத்சுன்னு கத்துங்க!"

"இரு, பாதியில நிறுத்தக் கூடாது. நாற்றிசையும் காக்கும்..."

அலை வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

எத்தனை திட்டினாலும் அந்த அசடு இல்லாமல் என்னால் இருக்க முடியாது. "மாத்சு!" என்று கத்திக்கொண்டே மேலங்கியைக் கழற்றி எறிந்தேன். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தேன். எப்படியோ அவர் சட்டைக் காலர் கையில் சிக்கியது. கூ மாமா சுக்கானை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று தணிந்தது. ஹுவாட் உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார். எதிரே வெறுங்காலும் ஈர உள்பாவாடையுமாக, தலைவிரி கோலத்தில் ஒருத்தி. படக்கென்று என் காலில் விழுந்தார்.

"மாத்சு! மாத்சு!"

கூ மாமா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினேன்.

"அவ இன்னும் கிளம்பலைங்க. நான்தான் தல வாராம வந்துட்டேன்."