வட்டச் சட்டத்தில் இடம் மாறிய வில்லைகள்

ஜூன் பதினான்கு, சனிக்கிழமை. காலையில் பொடித்தூறல், நண்பகலுக்குப்பின் நல்ல வெயில்.

1

இக்கதையின் பிறப்பை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சுவர்களுக்கு வண்ணம் பூசுபவனாகிய யான், ஐம்பத்தோராம் வயதில் மாலை வகுப்பில் எழுதக் கற்றவன். 'ஒருவருடைய விசுவாசம் வெளியே எவ்வாறு தெரிகிறது?' என்னும் பொருளில் எங்கள் சபை மலருக்குக் கதை கேட்டார்கள். உடனே என் அக்காள் நினைவுக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் பின்னறையில் வில்லைகளை இழைத்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் தொழில்.

முதல் தொடக்கம்: கழுத்திலே சிலுவை மின்ன, கரத்திலே திருமறை விளங்க, கண்களிலே கருணை பொங்க அவள் நடந்து வந்தபோது...

அக்காள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டாள்.

"யாருடா இவ? சங்கிலி மெஷின்ல மாட்டும்னு நான் கழட்டி வச்சே பதினாறு வருஷம் ஆச்சு. கருணை வேற பொங்குதாம்! அடுப்பை அணை."

(அடித்துவிட்டேன். 'பொங்க' என்ற சொல்லை இழந்ததில் எனக்கு வருத்தமே.)

2

நடந்தது இதுதான். அக்காள் எப்போதும் வலது வில்லையை முதலில் இழைப்பாள். முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவரின் கண்ணாடிக்கு மட்டும் இடதை முதலில் இழைத்து, பழக்கத்தில் அதை வலப்பக்கம் பொருத்திவிட்டாள். வட்டச் சட்டமாதலால் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. நான்கு நாள் கழித்து, நேற்று மாலைதான் அது அவளுக்கு உறைத்தது.

ஓட்டுநர் முறையிடவில்லை. இன்னொரு பிழை நேர்ந்தால் வேலை போய்விடும் என்று முதலாளி சென்ற மாதமே எச்சரித்திருந்தார். ஆகவே, அவள் வாய் திறவாமல் இருந்திருந்தால்...

அஞ்சா நெஞ்சத்துடன் இன்று காலை அவள் ஓட்டுநரின் இல்லம் ஏகினாள் என்று எழுதினேன்.

"பொய். பாதி வழியில ரெண்டு தடவை திரும்பி வந்தேன். அதையும் போடு."

"கதைக்கு நல்லா இருக்காதுக்கா."

"கதைக்காக நான் பொய்யா நடக்க முடியுமா?"

போட்டுவிட்டேன்.

3

ஓட்டுநர் கதவைத் திறந்தார். நனைந்த தலையுடன் அக்காள் அனைத்தையும் சொன்னாள்.

"அப்படியா! நாலு நாளா படியெல்லாம் தள்ளித் தள்ளி நிக்குது. வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்மா."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "என்னைப் பாத்து மெலிஞ்சுட்டேன்னாரு. அப்பவே தெரியும், கோளாறு கண்ணாடியிலதான்னு!"

அக்காள் கண்ணாடியைக் கடைக்கு எடுத்துச் சென்று, சரிசெய்து, முதலாளியிடமும் உண்மையைச் சொன்னாள்.

"திங்கக்கிழமை காலைல வாம்மா, யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அவர். சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை.

4

என்னிடம் முடிவுகள் உள்ளன. முதலாளி தம் கண்ணாடியைக் கழற்றி, "முதல்ல இதைச் சரிபாரு" என்று அவளிடம் நீட்டலாம். அன்றி, எதிர்க்கடைக்காரர் செய்தி கேள்வியுற்று...

"அவரே இன்னும் சொல்லல. நீ ஏன் அவர் வாயில வார்த்தையை வைக்கிற?" என்றாள் அக்காள், கடையில் கொடுத்த வெள்ளை மேலங்கியைக் கொடியில் உதறிப் போட்டபடி.

"வேலை இருக்குமான்னே தெரியல. எதுக்குக்கா தொவைக்கிற?"

"போட்டுக்கிட்டாலும் சரி, திருப்பிக் கொடுத்தாலும் சரி, அழுக்கா இருக்கலாமாடா?"

பிறகு சுதி தப்பிய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

வாசகரே, திங்கட்கிழமையை உம்மிடம் ஒப்படைக்கிறேன். சில மணி நேரம் கழித்து மேலங்கியைத் தொட்டுப் பார்த்தேன். பையோரத்தில் மட்டும் ஈரம் மீதமிருந்தது. அப்போது மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.