முடிச்சில்லாதது கறுப்பு

சேவை மனப்பான்மை என்ற ஒன்று அவனுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பார்வையற்றவர்களுக்கு வயர் கூடை பின்னக் கற்றுத்தரும் வகுப்பில் அவன் தொண்டனாகச் சேர்ந்ததற்கு ஒரே காரணம் அக்கா. கிடங்கில் பார்த்த இரவு வேலையை விட்டுவிட்டு, நான்கு மாதமாக அவள் வீட்டுச் சோபாவில் படுத்து வாழ்க்கையைப் பற்றி ஆழமாகச் சிந்தித்துக்கொண்டிருந்தான். சிந்தனையில் ஆழம் வந்ததோ இல்லையோ, சோபாவில் பள்ளம் விழுந்தது. போதாக்குறைக்கு, தினமும் காலையில் அத்தானின் துண்டை எடுத்து முகம் துடைத்தான். கடைசியில் அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மூணு மாசம் ஒரு இடத்துல முழுசா இரு. அந்த டீச்சர் எனக்குத் தெரிஞ்சவங்கதான். இருந்தான்னு அவங்க வாயால வரணும். இல்லேன்னா வீட்டுச் சாவிய ஆணியில மாட்டிட்டுக் கிளம்பு."

டீச்சருக்கும் பார்வை கிடையாது. முதல் நாளே வேலை முறையை எல்லாம் நிதானமாக விளக்கினார். அவன் பாதித் தூக்கத்தில் தலையாட்டிக்கொண்டே இருந்தான். தலையாட்டுவது அவருக்குத் தெரியாது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் மாலை, எல்லோரும் போனபின் அறையைக் கூட்டும்போது, அவனுக்குத் திடீரென்று ஒழுங்கின்மேல் பக்தி பிறந்தது. மேசையில் நறுக்கி வைத்திருந்த வயர்களின் நுனியில் முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு, சிலதில் எதுவுமில்லை. பாவம், பழகாத கை என்று பெரிய மனதோடு இரக்கப்பட்டான். கத்தரிக்கோலை எடுத்து நானூறு வயர்களின் நுனியையும் நறுக்கி, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, சீவி விட்ட தலைபோல அடுக்கி வைத்தான். நான்கு மாதத்தில் அவன் ஒரு வேலையை முழுதாக முடித்தது அதுதான்.

மறுநாள் காலை எட்டுப் பேரும் வந்து உட்கார்ந்தார்கள். விரல்கள் வயரின் நுனிக்குப் போயின; அப்படியே நின்றன. முதலில் பேசியவர், முப்பது வருடம் பேருந்து ஓட்டிவிட்டுச் சர்க்கரை நோயில் கண்ணை இழந்த டிரைவர்.

"டீச்சர், நேத்து வரைக்கும் இங்க மூணு கலர் இருந்துச்சு. இன்னிக்கு எல்லாமே கறுப்பாயிடுச்சு. எனக்கு இது பழக்கம்தான், இருந்தாலும் சொல்றேன்."

பச்சைக்கு ஒரு முடிச்சு, சிவப்புக்கு இரண்டு, முடிச்சில்லாதது கறுப்பு. முதல் நாள் அவன் தலையாட்டிய விளக்கம் அதுதான்.

பார்வையற்றவர்கள் மூச்சுக் காற்றை வைத்தே திருடனைக் கண்டுபிடிப்பார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்ததால், அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றான். டீச்சர் அப்படி எந்த வித்தையும் காட்டவில்லை. நேற்றுக் கடைசியாக அறையைப் பூட்டியது யார் என்று மட்டும் கேட்டார். சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

அவர் திட்டவுமில்லை. சனிக்கிழமைக்குள் இருபது கூடை முடித்தாக வேண்டும். முழுக் கண் இருப்பது அவன் ஒருவனுக்குத்தான். மத்தியானத்துக்குள் நிறம் பிரித்து முடிச்சுப் போட்டுவிடட்டும் என்றார். அவன் வயர்க் குவியலை அள்ளிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தான். கறுப்பைப் பத்து நிமிடத்தில் ஒதுக்கிவிட்டான். அதற்குமேல் கை ஓடவில்லை.

அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலிருந்தே அப்படி; அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. கிடங்கு வேலை போனதும் அதனால்தான். சரக்கு வண்டி தள்ளும் இடத்தில் சிவப்பு, பச்சை என்று மேலும் கீழுமாக இரண்டு விளக்கு இருந்தவரை, மேலே எரிந்தால் நிறுத்து, கீழே எரிந்தால் தள்ளு என்று ஓட்டினான். நிறம் மாறும் ஒற்றை விளக்கை மாட்டிய வாரமே, இந்த வேலை தன் இயல்புக்கு ஒத்துவரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். இயல்பு என்றால் கேட்க நன்றாக இருந்தது.

இங்கே உண்மையைச் சொன்னால், கண்ணிருந்தும் உதவாத ஆளை டீச்சர் எதற்கு வைத்துக்கொள்வார்? மூன்று நாளோடு சீட்டுக் கிழியும்; சாவி ஆணிக்குப் போகும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? குத்துமதிப்பாகப் பிரித்து முடிச்சுப் போட ஆரம்பித்தான்.

முப்பது போட்டிருப்பான். டிரைவர் மேசையைத் தடவிக்கொண்டு வந்து ஒன்றை எடுத்தார். அவருடைய கூடை மகளுக்கு, முழுக்கப் பச்சை, அதில் ஒரு இழை சிவப்பு கலந்தாலும் அவள் வாங்க மாட்டாள்.

"ஒரு முடிச்சு. பச்சைதானே தம்பி?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இந்த மனுஷன் அதை நம்பி நாள் முழுக்கப் பின்னுவார்.

"தெரியலைங்க," என்றான்.

"ஏன், லைட்டு போடலையா?"

"லைட்டு இருக்கு. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரிதான் தெரியும். போட்டதெல்லாம் குத்துமதிப்பு."

டிரைவர் வயரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நல்லவேளை, நீ என் பஸ்ஸ ஓட்டலை."

முதலில் சிரித்தவர் டீச்சர்தான். சிரித்து முடித்ததும் எட்டுப் பேரில் ஒருவரான தையல்காரம்மாவைக் கூப்பிட்டார். அந்த அம்மாவுக்கு உறிஞ்சுகுழல் ஓட்டை அளவுக்குப் பார்வை மிச்சமிருந்தது. ஒவ்வொரு வயரையும் மூக்கோடு ஒட்டிப் பிடித்து "பச்சை", "சிவப்பு" என்று சொல்ல, அவன் முடிச்சுப் போட்டான். தான் போட்ட முப்பதில் பதினேழு தப்பு. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் இவ்வளவு தப்பு வந்திருக்காது.

மாலையில் டீச்சர் தொண்டர் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடிக்கச் சொன்னார். பேனா அவன் கையில்தான் இருந்தது, அவனே அடித்தான். அடித்த பிறகு, பயிற்சி பெறுவோர் பட்டியலில் எழுதச் சொன்னார்.

"பயிற்சி ஆறு மாசம். நடுவுல நிக்கக் கூடாது. கூடை பின்னுங்க, கதவையும் நீங்களே திறங்க. கத்தரிக்கோல மட்டும் தொடாதீங்க."

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். அக்கா கரண்டியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"உதவி பண்ணப் போன இடத்துல உன்னையும் பயனாளியாச் சேர்த்துக்கிட்டாங்களா?"

ஆமாம் என்றான். அவள் கொடியில் அருகருகே தொங்கிய இரண்டு துண்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தானுடையது பச்சை, அவனுடையது சிவப்பு.

மறுநாள் காலை அவன் துண்டின் விளிம்பில் இரண்டு முடிச்சு இருந்தது. இறுக்கமாகத்தான் போட்டிருந்தாள், துடைக்கும்போது மூக்கில் இடித்தது.