விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடி

1

2025 ஜூலை 14, திங்கள்கிழமை, மும்பை தாராவி. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் இரண்டாம் மாடியில், பத்தாம் வகுப்புச் சுவரில் உள்ள விரிசலின் குறுக்கே பதித்திருந்த கண்ணாடித் துண்டு உடையாமல் இருந்தது.

இந்தக் கதை அந்தக் கண்ணாடியில்தான் தொடங்கியது. ஆனால் நான் அங்கே போனது வேறு வேலைக்கு. பழைய மாணவர்கள் விழா மலர் போடுகிறார்கள். பள்ளியின் வரலாற்றை எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் தொழிலுக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு கொட்டகையில் பிறந்த இப்பள்ளி, காலை மாலை என இரண்டு ஷிப்ட் நடத்தியும் இடம் போதாமல்'

(இங்கே நிறுத்திவிட்டேன். இடம் போதாதிருந்த அந்தக் கட்டடத்தில் இப்போது இரண்டாம் மாடி மட்டும்தான் தமிழ். முதல் மாடி உருதுப் பள்ளி. தரைத்தளத்தில் மழைத் தண்ணீர் ஏறும் என்பதால் அங்கே யாரும் இல்லை.)

2

பொறியாளர்கள் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடியைப் பதித்துவிட்டுப் போவார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும்.

"ஏப்ரல்ல வச்சாங்க. இன்னும் கீறல்கூட விழல. பழைய காலத்துக் கட்டடம் சார்," என்றார் தலைமையாசிரியர் சூசைமாணிக்கம். அதற்குள் போன் வந்தது; பேசிக்கொண்டே கீழே இறங்கிவிட்டார்.

நான் கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டேன். விரலில் வெள்ளையாக ஒட்டியது. ஏப்ரலில் பூசிய பூச்சு ஜூலையில் கையில் ஒட்டாது.

"கைய எடுங்க சார்."

கடைசி பெஞ்சில் ஒரு பெண் மதிய உணவுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் மாலதி. பத்தாம் வகுப்பு.

"எப்ப மாத்தினே?" என்றேன்.

"வெள்ளிக்கிழம."

"ஏப்ரல்ல வச்சது அன்னிக்குத்தான் உடைஞ்சுதா?"

"இல்ல சார். அன்னைக்கு ஒடஞ்சதுகூட நான் முன்ன மாத்தி வச்சதுதான்."

(எழுதும்போது இந்த வரிக்குப் பிறகு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அன்று சுவரை விட்டு நகரவில்லை.)

அப்போது இன்னொருத்தி கதவில் வந்து நின்றாள். கீழ் மாடி உருதுப் பள்ளியில் படிக்கும் ஷைஸ்தா. அவள் அப்பாவுக்குப் போட்டோ பிரேம் போடும் கடை. வெட்டியதில் மிஞ்சும் கண்ணாடியைக் கொண்டுவந்து தருவது இவள். வகுப்பில் அவள் இடம் எது என்று கேட்டேன். விரலால் தரையைக் காட்டினாள். விரிசலுக்கு நேர் கீழே.

"அங்கிள், எக்ஸ்ட்ரா காச் பீ ஹை மேரே பாஸ்," என்று, இன்னும் கண்ணாடி இருக்கிறதென்று பெருமையாகப் பையைத் தட்டினாள்.

"சுப் பைட், பாகல்!" என்று அவள் வாயை அடக்கினாள் மாலதி. பிறகு என் பக்கம் திரும்பி, "இது ஒரு ஓட்டவாய் சார். ஒடஞ்சது தெரிஞ்சா ஸ்கூல பந்த் பண்ணிருவாவ. எங்கள தேவ்நாருக்கு மாத்திருவாவ. எங்கப்பா பஸ்ஸுல எல்லாம் விடமாட்டாவ. வீட்டு வாசல்ல நின்னா ஸ்கூல் கேட்டு தெரியுதுன்னுதான் இங்கயே விடுதாவ. மார்ச் வர நின்னா போதும் சார்."

"எது?"

"பில்டிங்கு."

3

மாலதியை நான் நம்பவில்லை. கதைப் பாத்திரமாக நம்பவில்லை என்று சொல்கிறேன். பதினைந்து வயதுப் பெண் இவ்வளவு நிதானமாகப் பேசுவாளா என்று வாசகர் கேட்பார். அதனால் ஒரு வரைவில் அவளை அழவைத்தேன். மோசமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

அவள் பயப்படாதவள் அல்ல. அவளுக்கு அப்பாவிடம் பயம், எனக்குச் சுவரிடம் பயம். பேசிக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து மணல்போல ஏதோ உதிர்ந்து அவள் கிச்சடியில் விழுந்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்த இடத்தை மட்டும் ஸ்பூனால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். பழகிய கை.

(கதையில் கண்ணாடி வந்தால் எழுதுகிறவன் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்வது வழக்கம். இதில் முகம் தெரியாது. பின்னால் விரிசல்தான் தெரியும்.)

4

முடிவுகள்.

அ) நான் யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் வருகிறது. மாலதி பரீட்சை எழுதித் தேறுகிறாள். பிறகு ஒரு விடுமுறை நாளில், ஆளில்லாதபோது சுவர் விழுகிறது. (விடுமுறை பார்த்து விழும் சுவர் கதைகளில் மட்டும்தான் இருக்கிறது.)

ஆ) நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜூலைக் கடைசியில் விடாத மழை. காலை முதல் பீரியட். கீழ் மாடியில் ஷைஸ்தா பையைத் திறந்து

(இதை முடிக்க மாட்டேன்.)

இ) சொல்லிவிடுகிறேன்.

கிளம்பும்போது மாலதி படிக்கட்டு வரை வந்தாள். "சொல்ல மாட்டியளே சார்?"

"யோசிக்கிறேம்மா."

"யோசிச்சா சொல்லிருவிய," என்றாள்.

நீங்கள் இதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வேறொன்றை எழுதியும் பார்க்கலாம். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது: எந்த முடிவு தொடங்கும்போதும் ஷைஸ்தாவின் இடம் விரிசலுக்கு நேர் கீழேதான்.

5

நான் எடுத்தது மூன்றாவது. அன்று மாலையே சூசைமாணிக்கத்திடம் சொன்னேன். அவர் மேலே போய், ஓரத்தைத் தொட்டு, விரலைப் பார்த்தார். திரும்பி வந்ததும், "மலர்ல இது வேண்டாம் சார்," என்றார். மலரில் அது வரவில்லை.

வியாழக்கிழமை கட்டடத்தைப் பூட்டினார்கள். தமிழ்ப் பள்ளியை தேவ்நாருக்கும் உருதுப் பள்ளியை குர்லாவுக்கும் மாற்றினார்கள். ஷைஸ்தா குர்லாவுக்குப் போகிறாள். மாலதி தேவ்நாருக்குப் போகவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறாள்.

மழைக்காலம் முடிந்து அக்டோபரில், காவலாளியிடம் கேட்டு மேலே போய்ப் பார்த்தேன். கட்டடம் நிற்கிறது. மாலதி கடைசியாக வைத்த கண்ணாடி உடையவில்லை.