தண்ணீருக்கடியில் போன வழி

நாயை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதற்கு எஸ்டேட்டில் ஒரு முறை உண்டு. தேயிலைக் கொழுந்து அள்ளும் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, ஜீப்பில் ஏற்றி, நேர் வழியில் போகாமல் சுற்றிக்கொண்டு போய் இறக்கிவிட வேண்டும். வந்த வழி தெரியாத நாய் கொஞ்ச நாள் ஊளையிட்டுவிட்டு, பசி வந்ததும் புது வீட்டுச் சோற்றில் வாய் வைத்துவிடும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், எத்தனையோ நாய்கள் இப்படித்தான் கைமாறியிருக்கின்றன. கபிரியேலின் நாயைக் கொண்டுபோகப் பக்கத்து வீட்டு ஏசுரத்தினம் சாக்கோடு வந்து நின்றதும் அதற்காகத்தான்.

"மூட்ட கட்டிக் கொண்டுபோக அவ என்ன களவாணியா?" என்று கபிரியேல் எரிந்து விழுந்தார். "நடத்தியே கூட்டிட்டுப் போறேன்."

"நடத்திக் கூட்டிட்டுப் போனா வழியப் படிச்சிரும்ணே. நீங்க பஸ் ஏறுன மறுநாளே இங்க வந்து நிக்கும்."

"வந்தா வரட்டும்."

வந்தால் யாரிடம் வரும் என்று அந்தக் கோபத்தில் அவருக்குத் தோன்றவில்லை. ஏசுரத்தினம் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கபிரியேலுக்கு வேலை ஓய்வு வந்துவிட்டது. ஓய்வு என்றால் வீட்டுச் சாவியையும் கம்பெனியிடம் கொடுத்துவிட வேண்டும். மகன் ஜிபி கோயம்புத்தூரில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருந்தான். ஒருமுறை அங்கே போனபோது கேட்டில் நின்ற செக்யூரிட்டி, பெயர் என்ன, எந்த வீட்டுக்கு, என்ன உறவு என்று கபிரியேலைக் குடைந்தெடுத்துவிட்டான். பெற்ற அப்பனையே இப்படி விசாரிக்கிற இடத்தில் நாயை எங்கே விடப்போகிறார்கள் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பது என்றாலே அவருக்கு வேப்பங்காய். மாடு வைத்துக்கொள்ளவும் ஆபீஸ் வாசலில் நின்று கேட்க வேண்டிய தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நின்று நின்று இல்லை என்று வாங்கிக்கொண்டு வந்த தன் அப்பாவைப் பார்த்த நாளிலிருந்து, தராததைக் கேட்பதில்லை என்று இருந்துவிட்டார். அதையே பெரிய கௌரவமாகவும் நினைத்துக்கொண்டார்.

நாயின் பெயர் பவுனு. மஞ்சளும் பழுப்புமான பெட்டை. மழையில் நனைந்து கிடந்த குட்டியை எடுத்து வந்து பெயர் வைத்தது அவர் மனைவி செபமாலை. அவள் போன பிறகு பவுனு கபிரியேலோடு ஒட்டிக்கொண்டது. மேலே காட்டருவியிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தினமும் காலையில் இருவரும் மலை ஏறுவார்கள். அருவிக்குப் பக்கத்துப் பாறை வழுக்கும் என்பதால் அதற்குக் கீழே நின்று, "இரு தாயி, இப்ப வந்துர்றேன்" என்பார். அவர் குழாய் வாயில் அடைத்த சருகை அள்ளிப்போட்டுவிட்டு இறங்கி வரும் வரை பவுனு உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. அவர் வராமல் இருந்ததும் இல்லை.

சித்திரை மாதம் அவர்கள் புறப்பட்டார்கள். டேமுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஜின்சன் நாயை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவருக்குக் காட்டுப்பன்றித் தொல்லை. ரோட்டு வழியாகப் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு அரை நாள் ஆகும். கோடையில் மட்டும் குறுக்கு வழி ஒன்று திறக்கும். டேம் கட்டுவதற்கு முன்னால் இருந்த பழைய ரோடு, தண்ணீர் வற்றியதும் ஏரிக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும்.

குழாய் வழியாக ஏறி, அருவியைத் தாண்டி, புல்மேட்டுக்கு வந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மொத்த ஏரியும் தெரியும். தண்ணீர் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. சுற்றிலும் சிவந்த சேறு காய்ந்து வெடித்திருந்தது. பவுனு முன்னால் ஓடும், திரும்பிப் பார்க்கும், அவர் வருகிறாரா என்று உறுதி செய்துகொண்டு மறுபடி ஓடும். யானை லத்தியைக் கண்டால் மட்டும் நின்று, மோந்து பார்த்து, அவர் காலோடு ஒட்டிக்கொண்டு நடக்கும். "பெரிய வீரிதான் போ" என்று அவர் கேலி செய்தார்.

இறங்கியதும் பழைய ரோடு கிடைத்தது. ஒரு கல்பாலம் இன்னும் இடியாமல் இருந்தது. அதில் உட்கார்ந்து வேகவைத்த மரவள்ளிக் கிழங்கையும் கருவாட்டையும் பிரித்தார். கருவாட்டுத் தலையை அதற்கு, நடுத்துண்டைத் தனக்கு என்று எடுத்தவர், பிறகு எல்லாவற்றையும் அதற்கே வைத்துவிட்டார். காற்று தண்ணீர் வாசனையோடு வந்தது. செபமாலை போன பிறகு இப்படி ஒரு நாள் அவருக்கு வாய்க்கவே இல்லை. கொடுத்துவிட்டு வரப் போகிற வழியில் சந்தோஷமாக இருக்கிறோமே என்று அவருக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

ஜின்சன் வீட்டில் கயிறு தயாராக இருந்தது. கட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டு எழுந்தார். பவுனு அவரையே பார்த்தது. சொல்ல வேறு ஒன்றும் தெரியாமல், பழக்கத்தில், "இரு தாயி, இப்ப வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

பவுனு உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை, கயிற்றை இழுக்கவில்லை. அவர் ஏரியைத் தாண்டி மேடு ஏறும்போது திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு பெண்மணி, அவர் கையில் சங்கிலி, சங்கிலியின் நுனியில் கன்றுக்குட்டி கணக்காக ஒரு வெள்ளை நாய். கபிரியேல் அப்படியே சுவரோடு ஒதுங்கி நின்றார். சாயங்காலம் மகனிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினார்.

"எங்க பிளாக்குலயே நாலஞ்சு இருக்குப்பா" என்றான் ஜிபி. "நீங்க பவுனோடதான் வருவீங்கன்னு இருந்தேன். தனியா வந்து இறங்குனீங்க. செத்துருச்சோ, கேட்டா அழுவீங்களோன்னு நானும் கேக்கல."

அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. கபிரியேல் அப்போதே ஜின்சனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். கொடுத்ததை எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது என்று இருந்துவிட்டார்.

ஏசுரத்தினம் போன் செய்தார். ஜின்சன் கயிற்றை அவிழ்த்ததும் பவுனு லயத்துக்கே வந்துவிட்டது, பூட்டிய கதவின் முன்னால் படுத்திருக்கிறது. ஜின்சன் ஜீப்பில் வந்து கூட்டிப் போனார். மறுவாரமும் வந்தது. அதற்குள் அந்த வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியேறியிருந்தது. அவர்கள் விரட்டியும் அது வாசலை விட்டுப் போகவில்லையாம். பிறகு மழை பிடித்தது. ஏரி நிறைந்தது, பழைய ரோடு தண்ணீருக்கடியில் போய்விட்டது.

"இப்ப வர்றதில்லண்ணே" என்றார் ஏசுரத்தினம். "மனசு ஆறிட்டுது போல."

அப்படித்தான் இருக்கும் என்று கபிரியேலும் நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. தோட்டத்தை விட்டுப் போன குடும்பங்கள் எல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்து தங்கள் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். கபிரியேலும் ஜிபியும் காரில் வந்தார்கள். கல்லறைத் தோட்டம் ஏரிக்கரைச் சரிவில் இருக்கிறது. செபமாலையின் சிலுவைக்கு மாலை போட்டு நிமிர்ந்தவர் எதிர்க்கரையைப் பார்த்தார். பழைய ரோடு தண்ணீரில் இறங்கி மறையும் இடத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி.

"அது பவுனுதான்" என்று பின்னாலிருந்து ஏசுரத்தினம் சொன்னார். "வெறகுக்கு வந்தவங்க சொன்னாங்க. தெனமும் அங்க வந்து உக்காருதாம். ஒங்ககிட்ட சொல்ல மனசு வரல."

கபிரியேலின் இரண்டு விரல்கள் தாமாகவே வாய்க்குப் போயின. அவர் சீழ்க்கை அந்தக் கரைவரை கேட்கும். கேட்டால் அது தண்ணீரில் குதிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஏரி அங்கே குறுகல்தான், ஆனால் ஆழம், உள்ளே இழுப்பும் உண்டு. விரலை எடுத்துவிட்டார். தன்னைப் பார்த்துவிடப் போகிறதே என்று செபமாலையின் சிலுவைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வயசைப் பார்க்காமல், சுற்றி நின்றவர்களைப் பார்க்காமல் அழுதார்.

"ஜிபி, ஒன்னு கேக்கணும்" என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அவளக் கூட்டிட்டுப் போயிருவோமா?"

ஜிபி கார்ச் சாவியைக் கையில் எடுத்திருந்தான். "வாங்கப்பா" என்றான்.

சுற்றிப் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஜின்சனிடமும் கேட்டார். அவருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "இதைக் கேட்க இத்தனை மாசமா சேட்டா? அது என் நாயாகவே இல்லியே. சோறு தின்னும், அவ்வளவுதான். கொண்டு போங்க."

கரைக்குப் போனார்கள். காலடிச் சத்தத்திலேயே பவுனு தெரிந்துகொண்டது. பாய்ந்து வந்து அவர் மார்பில் காலை வைத்து, முகமெல்லாம் நக்கி, அழுவதுபோல் ஒரு சத்தம் போட்டது. மெலிந்திருந்தது. கபிரியேல் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு காருக்குக் கூப்பிட்டார். பவுனு வாலை ஆட்டியது, ஆனால் காருக்கு வரவில்லை. தண்ணீர்ப் பக்கம் ஓடியது. முன்கால் நனைய நின்று திரும்பிப் பார்த்தது, அவர் வருகிறாரா என்று. அவர் மறுபடி கூப்பிட, ஓடி வந்து கையை நக்கிவிட்டு மறுபடி தண்ணீருக்கே போனது. ஜிபி கயிற்றைப் போட்டு இழுத்தான். நாலு காலையும் பரப்பிப் படுத்துக்கொண்டது.

வர வேண்டியவர் வந்துவிட்டார், இனி வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று அது நிற்கிறது என்பது கபிரியேலுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு அதற்கு ஒரே வழிதான் தெரியும், அவரே நடத்திக் காட்டிய வழி. அந்த வழியின் முடிவில் இப்போது வீடு இல்லை என்று எந்த மொழியில் சொல்வது?

இருட்டத் தொடங்கியது. அந்த ரோட்டில் யானை இறங்கும் நேரம். ஜின்சன் போய் ஏலக்காய்ச் சாக்கு ஒன்றை எடுத்து வந்தார்.

"இங்க குடுங்க" என்றார் கபிரியேல்.

தரையில் குந்தி, சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். பவுனு பக்கத்தில் வந்து சாக்கை மோந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. பிடித்திருப்பது அவர் கை என்பதால் தானாகவே தலையை உள்ளே விட்டது.

கயிற்றைச் சுற்றும்போது, "இரு தாயி" என்று அவர் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. மீதியைச் சொல்ல வரவில்லை. சாக்குக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. உள்ளே பவுனு, சொன்ன சொல்லுக்கு, உட்கார்ந்துவிட்டிருந்தது.