யாரும் இல்லாத மாதிரி

குளியலறையிலிருந்த இரண்டு பிரஷ்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் கடைசியில் வாஷிங் மெஷினுக்குள் தள்ளி மூடினாள். உள்ளே ஏற்கெனவே கணவரின் பிரஷர் மாத்திரை டப்பா, எண்ணெய் பாட்டில், இரண்டு ஜோடிச் செருப்பு எல்லாம் கிடந்தன. பதினோரு மணிக்கு வீடியோக்காரர் வருகிறார். வீடு வாங்க நினைப்பவர்கள் இப்போதெல்லாம் முதலில் போனிலேயே சுற்றிப் பார்த்துவிடுகிறார்களாம். "வீட்ல ஆள் இருக்கிற மாதிரியே தெரியக் கூடாதுக்கா. பாக்குறவங்க தங்களை அங்க வச்சுப் பாக்கணும்" என்று முந்தாநாளே சொல்லியிருந்தார்.

மூன்று நாளாக அதே வேலை. மகனின் கல்யாணப் படம், பேத்தி கிறுக்கிய ஓவியங்கள், காலண்டர் எல்லாம் சுவரிலிருந்து இறங்கின. ஆணி பிடுங்கிய ஓட்டைகளைப் பற்பசை வைத்து அடைத்தது அவள் கணவர். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு துரும்பை நகர்த்தியதாகச் சரித்திரம் இல்லை. அவர்தான் இப்போது ஸ்டூலில் ஏறினார், ஜன்னல் கம்பி துடைத்தார், படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். துணிக்கடையில் இருபது வருஷம் மடித்த கை அவளுடையது. ஒவ்வொரு மடிப்புக்கும் அவர் தன் முனையைக் கொண்டுவந்து அவள் விரல்களில் கொடுத்துவிட்டுப் போனார். நேற்று தானே டீ போட்டு வந்து, "கால் வலிக்குதா? உக்காரேன் கொஞ்சம்" என்றார். வீடு விற்கிற சாக்கிலாவது மனுஷன் மனுஷனானாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வெட்கமும் வந்தது. இதை விற்றதும் ஏரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடு. இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்ததுதான். "அங்கருந்து உன் கடைக்கு ரெண்டு பஸ் மாறணும். உழைச்சது போதும், விட்டுடு" என்று அவர் சொன்னதில் போன மாதம் வேலையை விட்டிருந்தாள்.

வீடியோக்காரர் நரை தட்டிய தாடியும் ஓயாத வாயுமாக வந்து சேர்ந்தார். ஹால் டியூப் லைட் கேமராவில் வரிவரியாகத் துடிக்கிறது என்றதும், கணவர் புது டியூப் வாங்கக் கிளம்பினார்.

"சாருக்கு நம்ம வேலை புடிச்சுப் போச்சுக்கா. அந்தச் சின்ன வீட்டு வீடியோவும் நான் எடுத்ததுதான். பாத்த அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டாரு."

"ஏரிப் பக்கம் இருக்கே, அதுவா?"

"இல்லக்கா, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். இருங்க, காட்டுறேன்."

போனில் அந்த வீடியோ முழுசாக ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. ஒரே அறை. ஒரு ஜன்னல். இருவர் நின்றால் தோள் இடிக்கும் சமையல் மேடை. துணியை அளந்தே பழகிய கண் அவளுடையது. ஒரு கட்டில் போடலாம், அதுவும் ஒற்றைக் கட்டில்.

"ஒத்த ஆளுக்குத் தாராளம்னாரு சார். நீங்கதான் பையன் வீட்டோட போறீங்களாமே…" சொல்லிக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

போன வாரம் மகன் போன் செய்தபோது, "மாடி ரூமுக்கு ஏசி போட்டாச்சும்மா" என்றான். "ரெண்டு நாள் வந்து தங்கிட்டுப் போறவளுக்கு ஏசி எதுக்குடா?" என்று கேட்டாள். அவன் சட்டென்று பேத்தியிடம் போனைக் கொடுத்துவிட்டான். குழந்தையின் பேச்சில் அதை அவள் அப்போது கவனிக்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மருமகளுக்கும் தெரியாமல் இருக்குமா? ஏசி மாட்ட வந்த மெக்கானிக்குக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

டியூபோடு வந்த கணவர் ஸ்டூலில் ஏறினார். பழக்கம், அவள் கைகள் தாமாகப் போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டன.

"ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் வீடு புடிச்சிருக்கீங்களாம்."

மேலே டியூப் அசைவது நின்றது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"வித்து முடியட்டும்னு…"

"வேற யாராவது இருக்காங்களா?"

"சேச்சே! அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

பொய் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. யாராவது இருந்திருந்தால் தேவலை. திட்டித் தீர்க்கவாவது ஒருத்தி கிடைத்திருப்பாள்.

"முப்பது வருஷம் கூட்டத்துக்கு நடுவுலயே நின்னாச்சு. இனிமேலாவது கொஞ்சம் தனியா இருக்கலாம்னு தோணுச்சு. உன்மேல ஒரு குறையும் இல்ல."

"நான் என்ன கூட்டமா?"

டியூப் பொருந்திப் பளிச்சென்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மூன்று நாள் கனிவும் அவளுக்கு வேறாகத் தெரிந்தது. பஸ் கிளம்பும்வரை ஜன்னலோரம் நின்று, தண்ணீர் வேண்டுமா, பழம் வேண்டுமா என்று மாற்றி மாற்றிக் கேட்பார்களே, அந்தக் கனிவு. டிக்கெட் எடுத்தது அவர். ஏற்றிவிடப்பட்டது அவள்.

ஸ்டூலிலிருந்து கையை எடுத்தாள். அவர் தடுமாறிச் சுவரைப் பிடித்து இறங்கினார்.

வீடியோக்காரர் யாரையும் பார்க்காமல் வாசலிலிருந்து எடுக்க ஆரம்பித்தார். ஹால், சமையலறை, பின்கட்டு. கேமரா போகிற வழியிலிருந்து விலகி விலகி நின்ற கணவர், அது படுக்கையறைக்குத் திரும்பியபோது அந்த அறையின் வாசற்படியருகே ஒதுங்கினார்.

கட்டிலின் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா… நீங்க ஃபிரேம்ல வர்றீங்க."

"வரட்டும். இந்த வீடு ரெண்டு பேர் பேர்ல இருக்கு. வாங்குறவங்களுக்கு அதுல ஒருத்தரையாவது தெரியட்டும்."

வீடியோக்காரர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கேமராவை அவர் தாழ்த்தவில்லை. அதில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. "இந்தா…" என்று என்னவோ சொல்ல வந்தார் கணவர். உள்ளே ஓர் அடி வைத்தால் அவரும் படத்தில் விழுவார். ஒரு கால் வாசற்படிமேல், ஒரு கால் ஹாலில். அப்படியே நின்றுகொண்டிருந்தார்.