தவறணைக்குள் ஒரு சஹன்

கலாநிதி குலவீரசிங்கத்தின் சரித்திர நாவலுக்குப் பவாஸ் கீறிய மற்றப் படங்கள் எல்லாம் தேறிவிட்டன. வெள்ளைக்காரன் காலத்துக் கண்டிச் சாராயத் தவறணையின் உட்புறம் மட்டும் தேற மறுத்தது. முதலில் இணையத்தைப் பார்த்துக் கணப்படுப்பும் மான்கொம்பும் வைத்தான். "கண்டியைக் கேட்டால் ஸ்கொட்லாந்தைக் கீறியிருக்கிறீர்" என்று திரும்பி வந்தது. பீப்பாய்களைக் கூட்டினான். விளக்கைக் குறைத்தான். "எல்லாம் சரி தம்பி, காலத்தின்ர ஆன்மாவைக் காணேல்லை" என்றார் கலாநிதி. அதைப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வைப்பதா, மேசைக்குக் கீழே வைப்பதா என்று அவர் சொல்லவில்லை.

இன்று காலை போனில் ஆன்மா பற்றிப் பேச்சில்லை. "பின்னேரம் வாறன். இதுவும் சரிவராட்டில் புத்தகம் முழுக்கக் கொழும்பு ஓவியர் ஒருத்தரிட்டப் போகும்." மழைக்காலம் முழுவதும் கீறிய அத்தனை படங்களும் அதோடு குப்பைக்குத்தான்.

பவாஸ் பிறந்து வளர்ந்தது கண்டிக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான அக்குறணையில். தவறணை தென்பட்டாலே வீதியின் மறுகரைக்கு மாறிவிடும் கால்கள் அவனுடையவை. மூளை களைத்து ஒதுங்கிய பிறகு, கை தன் பாட்டில் புதுப் படத்தைக் கீறி முடித்தது.

பிளேன்டீ கொண்டுவந்த அவன் மனைவி ரிப்கா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கந்தூரி விருந்தா?"

"தவறணை."

"பாய்ல ஆறு பேரு ஒரு சஹனச் சுத்தி ஈக்காங்க. கை கழுவக் கெண்டி ஈக்கி. செருப்பெல்லாம் வாசல்ல வரிசையா ஈக்கி. இந்தத் தாடிக்காரரு எங்கட மூத்த மாமாவேதான். அவர்ட கைல சாராயம் வேற குடுத்தீக்கீங்க."

பவாஸ் அப்போதுதான் பார்த்தான். நடுவில் அந்தச் சஹன், எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு. சுற்றி ஆறு பேரும் அடக்கமாக, வலக்கையால் குடித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பையில் இருப்பது என்னவென்று அவர்களுக்கே தெரியாது போலிருந்தது.

மாமாவின் தாடியை அழிக்கத்தான் நேரம் கிடைத்தது. வாசலில் திரீவீலர் வந்து நின்றது.

கலாநிதி கதிரையில் அமர்ந்து, கண்ணாடியை மாட்டி, படத்தை மூலைக்கு மூலை பார்த்தார்.

"இதுதான். ஒரு தட்டு, ஒரு வட்டம். ஏகாதிபத்தியத்துக்கு எதிரான கூட்டுக்குடி மரபு. எங்கை பிடிச்சனீர்?"

பவாஸ் தலையை மட்டும் ஆட்டினான். வேலை கைவிட்டுப் போகவில்லை.

"புத்தக வெளியீட்டில நீர் பேச வேணும். அழைப்பிதழில போடுவம், 'எனது தவறணை அனுபவங்கள்: பவாஸ்' எண்டு."

அந்த அழைப்பிதழ் அக்குறணைக்கும் போகும். மூத்த மாமா கண்ணாடி போட்டு அதை வாசிப்பார்.

"சேர், நான் தவறணைக்குள்ள கால் வெச்சதே இல்ல. இது எங்கட கந்தூரிச் சாப்பாடு."

கலாநிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரிப்கா இருந்த குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் போனதில்லை தம்பி. வாசலில நிண்டு எட்டிப் பாத்தனான். உள்ளுக்க ஒரே இருட்டு."

"அப்ப படம்?"

"இருக்கட்டும். பிழை எண்டு சொல்றவன், தான் உள்ளுக்க போனவன் எண்டும் சொல்ல வேணும். எங்கட சபையில ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம். உம்மட பேச்சை மட்டும் வெட்டிவிடுறன்."

அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

"மாமாட தாடிய எடுத்தீங்களா?" என்று குசினியிலிருந்து ரிப்கா கேட்டாள்.

"எடுத்திட்டேன்" என்று பவாஸ் மேசையில் தலையைச் சாய்த்தான். தாடி போயும் மாமா மாமாவாகவேதான் இருந்தார். அதைச் சொல்ல அவனிடம் தெம்பு இல்லை.